கலந்து வாழ்கிறோம் என்கிறோம், வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும் "நீங்க என்ன ஆளுங்க" என்று ஏன் கேட்கிறோம்?

வைகைத் தென்கரை | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன், வயது 41. நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள், அதில் 9 வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. இனிமேல் யார் வீட்டை வாடகைக்கு விட்டாலும் முதலில் சங்கத்திடம் சொல்ல வேண்டும், வருகிற குடும்பம் நம் குடியிருப்புக்கு ஒத்துவருமா என்று மூன்று பேர் பார்த்துச் சொல்வார்கள். தாளில் இவ்வளவுதான் இருக்கிறது. ஒத்துவருவது என்றால் என்ன என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் நடந்ததுதான் இதற்கெல்லாம் தொடக்கம். இரண்டாவது மாடி வீட்டுக்குக் கணவன் மனைவி இருவர் வந்தார்கள், இருவருமே செவிலியர்கள், காதலித்துச் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள். வீட்டுக்காரர் சரி என்று சொல்லி அட்வான்ஸும் வாங்கிவிட்டார். அது எப்படியோ தெரிந்து நாலைந்து பேர் அவருக்குப் போன் போட்டார்கள், இரண்டே நாளில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த கேஸ் அடுப்பையும் ஒரு சாக்கு நிறையப் பாத்திரத்தையும் எடுத்துப் போக வந்தபோது நான் லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அது இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் எவ்வளவு பெருமையாகப் பேசுகிறோம். சௌராஷ்டிரர், ராவுத்தர், நாயுடு, மலையாளி, மார்வாடி என்று எல்லாரும் ஒரே மாசி வீதியில் கடை வைத்திருக்கிறார்கள் என்கிறோம். அதெல்லாம் உண்மைதான். அப்புறம் இந்தத் தீர்மானம் எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து பேச வேண்டும். "எல்லாரும் சமம்" என்று மட்டும் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கிவிடுவார்கள். பல சமூகத்தார் கலந்து இருப்பதில் என்ன நன்மை, என்ன சிரமம் என்று உங்கள் அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள். சிரமத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.


சுங்குடி முடிச்சு | திங்கள், இரவு 10.25

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன் அண்ணே. நாங்கள் சௌராஷ்டிரர். குஜராத்துப் பக்கத்தில் இருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாகத் தலைமுறை தலைமுறையாக நகர்ந்து, நாயக்கர் காலத்தில் இங்கே வந்து மகால் பக்கத்தில் குடியேறியவர்கள். பட்டுநூல்காரர் என்று ஊரில் பெயர். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். மதுரைச் சுங்குடி என்று இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற சேலை எங்கள் பெண்கள் விரல் நுனியால் முடிச்சுப் போட்டுப் போட்டு வந்தது. என் பாட்டி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார், கண் மங்கிய பிறகும் விரல் நிற்காது. தமிழ்நாடே கேட்ட டி.எம். சௌந்தரராஜன் குரல் 1922இல் இதே மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த குரல். வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததால் இந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். எங்கள் தெருக்களிலும் பல காலம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வீடு விட்டார்கள். தறிச் சத்தம், சாயத் தண்ணீர், எங்கள் பாஷை, எங்கள் சாமி, இதெல்லாம் மற்றவர்களுக்குச் சரிப்படாது என்று காரணம் சொல்வார்கள். சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் பாஷை பிழைக்கும் என்பது பொய்யில்லை. எங்கள் மொழிக்குத் தனி எழுத்து இருக்கிறது, என் பிள்ளைகளுக்கு அதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. தெரு கலைந்தால் பாஷையும் கலைந்துவிடும் என்று என் அப்பா பயந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்காக இன்னொருவரை வாசலில் நிறுத்தி வைத்தோமே, அதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கைப்பிடி அளவே இருக்கிற ஒரு கூட்டம் தன் மொழிக்காகச் சேர்ந்து இருப்பது ஒன்று, வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கூடி ஒருவருக்குக் கதவைச் சாத்துவது வேறு.


மாடி போர்ஷன் | செவ்வாய், காலை 6.50

நான் வீட்டுக்காரன். எல்லாரும் வீட்டுக்காரர்களைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள். 22 ஆண்டு வேலை பார்த்துக் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கீழே நாங்கள், மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு. என் அம்மா கவுச்சி சேர்க்காதவர், மேலே மீன் பொரித்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. 80 வயதில் அவரை மாற்றிக்கொள்ளச் சொல்ல என்னால் முடியாது. அதனால் சைவம் மட்டும் என்று கேட்கிறேன். அப்புறம், ஒருமுறை வாடகைக்கு வந்தவர் 14 மாதம் வாடகை தராமல் காலியும் செய்யாமல் இழுத்தடித்தார். அன்றில் இருந்து தெரிந்தவர் மூலமாகத்தான் விடுகிறேன். தெரிந்தவர் என்றால் பெரும்பாலும் சொந்த சாதியாகத்தான் அமைகிறது. இதில் வெறுப்பு எதுவும் இல்லை.


காஜிமார் தெரு மகள் | செவ்வாய், காலை 8.15

மாடி போர்ஷன் அண்ணனுக்கு ஒரு பதில். உங்கள் அம்மாவுக்காகக் கேட்பது எனக்குப் புரிகிறது. என் அத்தாவும் வயதானவர்தான், அவருக்கும் சில வாசனை ஆகாது. ஆனால் நான் பட்டதை எழுதுகிறேன், படியுங்கள்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் நாங்கள் புறநகர்ப் பக்கம் வீடு தேடினோம், கணவருக்கு வேலை அங்கே. மொத்தம் 11 வீடு பார்த்தோம். போனில் பேசும்போது எல்லா வீடும் காலியாகத்தான் இருக்கும், நேரில் போய்ப் பெயரைச் சொன்னதும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். ஒரு வீட்டில் நானே முந்திக்கொண்டு, "நாங்கள் இங்கே கறி சமைக்க மாட்டோம், வேண்டுமானால் எழுதித் தருகிறேன்" என்று சொன்னேன். அந்த அம்மா சங்கடப்பட்டு, "அதுக்கில்லம்மா" என்றார். வேறு எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆக, சைவம் அசைவம் என்பது பல இடங்களில் பேச்சைத் தொடங்க ஒரு காரணம், அவ்வளவுதான். கறி தின்கிற உங்கள் சொந்தக்காரர் வந்தால் அதே வீடு கிடைக்கும்.

நான் வளர்ந்த தெருவில் மதுரையின் மிகப் பழைய பள்ளிவாசல் இருக்கிறது. மாலைத் தொழுகை முடிகிற நேரத்தில் வாசலில் பாருங்கள், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பொட்டும் பூவுமாக அம்மாக்கள் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் பிள்ளையின் தலையில் ஊதிவிட்டுப் போவார்கள். யாரும் யாரிடமும் நீ என்ன ஆள் என்று கேட்பதில்லை. கோரிப்பாளையம் தர்காவிலும் இதேதான். அதே அம்மாக்களில் ஒருவர்தானே எனக்கு வீடு இல்லை என்று சொல்லியிருப்பார்? பிள்ளைக்கு எங்கள் மூச்சு வேண்டும், மாடியில் எங்கள் மூச்சு வேண்டாம் என்றால் எனக்கு வலிக்காதா?

கடைசியில் மறுபடி எங்கள் ஆட்கள் இருக்கிற பகுதிக்கே வந்துவிட்டோம். அப்புறம் என்ன சொல்வார்கள் தெரியுமா? "இவங்க எப்பவும் ஒண்ணாத்தான் இருப்பாங்க, மத்தவங்களோட கலக்க மாட்டாங்க."


சுங்குடி முடிச்சு | செவ்வாய், காலை 8.32

கடைசி வரியைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன் தங்கச்சி.


மேலூர் கால்வாய் | செவ்வாய், மதியம் 2.05

நகரத்துக்காரர்கள் வாடகை வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். கிராமத்தில் வாடகை வீடே கிடையாது. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகத்தான் இருக்கும், யார் எங்கே இருக்க வேண்டும் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். நான் சேரியில் பிறந்தவன்.

எங்கள் தாலுகாவில் மேலவளவு ஊராட்சியைத் தனித்தொகுதி ஆக்கினார்கள். தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு பேருந்தில் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஒரு தலித் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு அதுதான் தண்டனை. எனக்கு அப்போது 12 வயது. எங்கள் அம்மா அன்று ராத்திரி விளக்கை ஏற்றவே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் இதே மாதிரி தலித்துகளுக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து ஆண்டு தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடவில்லை. வேட்பாளரே வர மாட்டார், வந்தாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். 2006இல்தான் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசித் தேர்தலை நடத்தியது. உத்தப்புரத்தில் தலித் தெருவை மறித்து 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தார்கள். சுவர் விழுந்த பிறகும் அந்தப் பாதையில் நடப்பதற்கு எத்தனை வழக்கு, எத்தனை பேச்சுவார்த்தை. ஆகவே பன்மை அழகு என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு உடனே கைதட்ட வராது. வித்தியாசமாக இருப்பது ஒரு விஷயம், மேலே கீழே என்று அடுக்கி வைப்பது வேறு விஷயம். எங்களை வித்தியாசமானவர்கள் என்று யாரும் தள்ளி வைக்கவில்லை, கீழே உள்ளவர்கள் என்று தள்ளி வைத்தார்கள்.

இதே தாலுகாவில் நான் கண்ணால் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக அரிட்டாபட்டியைச் சுற்றி இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. வயல், கண்மாய், மலை, கோயில், பள்ளிவாசல், எங்கள் சுடுகாடு எல்லாம் போய்விடும் என்ற பயம். 2025 ஜனவரி 7 அன்று நாங்கள் மதுரைக்கு நடந்தோம். எனக்கு முன்னால் கள்ளர் நாட்டுப் பெரியவர்கள், பக்கத்தில் மேலூர் ஜமாத்து ஆட்கள், பின்னால் எங்கள் தெருப் பெண்கள். வழியில் ஒரு வீட்டு வாசலில் குடத்தில் மோர் வைத்திருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே சொம்பு. நான் அந்தச் சொம்பை வாங்கும்போது என் கை நடுங்கியது. என் அப்பாவுக்கு அந்த ஊர் டீக்கடையில் தனிக் குவளை. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்ததாக அறிவித்தார்கள். ஒரே சாதி மட்டும் கிளம்பியிருந்தால் அது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மோர் வீட்டில் அடுத்த வாரம் போய்ப் பெண் கேட்க முடியுமா என்றால் முடியாது. ஆனாலும் அந்தச் சொம்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.


பரோட்டா மாஸ்டர் | செவ்வாய், இரவு 11.50

கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சமையல்கட்டில் 13 பேர். 7 பேர் பீகார், ஒடிசா பையன்கள். பன் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவன் பீகார்க்காரன், கறி தோசை போடுகிறவர் உசிலம்பட்டி, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நாடார், இலை போடுகிற அம்மா ராமநாதபுரம். மதுரையில் ராத்திரிச் சாப்பாடு நடப்பதே இப்படித்தான். ஜிகர்தண்டா என்கிற பெயரே உருது இந்திப் பக்கத்துச் சொல்தானே, அதை மதுரை ஜிகர்தண்டா என்றுதான் ஊரெல்லாம் விற்கிறார்கள்.

சிரமம் இல்லாமல் இல்லை. முதல் ஆறு மாதம் ஒருவருக்கொருவர் பேச்சே புரியாது. எண்ணெய் கொதிக்கிற இடத்தில் "தள்ளு" என்றால் புரிய வேண்டும், புரியாமல் ஒரு பையன் கையைச் சுட்டுக்கொண்டான். அதற்கப்புறம் நாங்களே பத்து வார்த்தை எழுதிச் சுவரில் ஒட்டினோம். அவனுக்குத் தமிழில் பத்து, எங்களுக்கு இந்தியில் பத்து. இன்னொன்று, இவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் ஆட்களுக்குக் கூலி ஏறவில்லை என்ற கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூலியைக் குறைப்பது அந்தப் பையனா முதலாளியா என்று யோசித்துவிட்டுக் கோபப்பட வேண்டும்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடக்கத்திப் பையன்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது எங்கள் பையன்கள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவர்கள் அம்மாக்கள் ஊரில் இருந்து அழுதுகொண்டே போன். ஹோலியும் அப்போதுதான் வந்தது, கிடைத்த ரயிலில் மூன்று பேர் போய்விட்டார்கள். உசிலம்பட்டி அண்ணன் அதில் ஒரு பையனுடைய அம்மாவிடம் வீடியோ காலில், "உங்க புள்ளை இங்க நம்ம புள்ளை" என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அந்தப் பையன் போகவில்லை.

அவர்கள் ஏழு பேரும் தங்குவது ஒரே அறையில். வீடு யாரும் தருவதில்லை.


ஓய்வு பெற்ற வாத்தியார் | புதன், காலை 5.30

36 ஆண்டு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். தம்பி கூட்டத்தில் பேசுவதற்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

1939 ஜூலை 8. மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்கள் என்று அன்று சொல்லப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் அந்தக் குழுவில் இருந்தார். முத்துராமலிங்கத் தேவர் துணை நின்றார், சௌராஷ்டிர சமூகத்து என்.எம்.ஆர். சுப்பராமன் இந்த வேலையில் முன்னால் இருந்தார். கோயில் நிர்வாகத்தில் இருந்த ஆர்.எஸ். நாயுடு தடுக்காமல் வரவேற்றார். ஒரு ஐயர், ஒரு தேவர், ஒரு சௌராஷ்டிரர், ஒரு நாயுடு, உள்ளே போனவர்கள் வேறு சாதி. மதுரையில் பல சமூகத்தார் இருப்பதன் பலன் என்று நான் வகுப்பில் சொல்வது இதைத்தான். எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்திருந்தால் உள்ளுக்குள் இருந்து கதவைத் திறக்க ஒருவர் இருந்திருக்க மாட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள், உள்ளே போனது முதலில், அதைக் காப்பாற்ற ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. அதை ஏற்காமல் விலகிப்போய்த் தனியாக வழிபாடு நடத்தியவர்களும் இருந்தார்கள். காந்தி அந்தக் கோயிலுக்குள் போனது 1946இல், எல்லாருக்கும் கதவு திறந்த பிறகுதான்.

இரண்டாவது, சித்திரைத் திருவிழா. மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரையும் திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தார் என்பார்கள். சைவம் ஒரு பக்கம், வைணவம் ஒரு பக்கம். அழகர் கள்ளர் வேடத்தில் வருகிறார், வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் ராத்தங்குகிறார் என்று மக்கள் சொல்கிறார்கள். திருவிழாவைச் சேர்த்து வைத்தது ஒன்றும் அன்பினால் மட்டும் நடந்த காரியம் இல்லை, ஆட்சிக்கும் சந்தைக்கும் கூட்டம் வேண்டியிருந்தது. எதற்காகச் செய்திருந்தாலும் சரி, 400 ஆண்டாக ஒருவரோடு ஒருவர் தோளை உரசிக்கொண்டு ஆற்றில் நிற்கிறோம்.

ஆனால் என் மாணவர்கள் கையில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பையன். அவிழ்க்கச் சொன்னால் அப்பா வந்து சண்டை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீட்டுக்குள் புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. ஆற்றில் தோளை உரசினால் மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது அந்தப் பையனைப் பார்த்துத்தான். வருடத்தில் ஒரு நாள் கலப்பதை வைத்து மற்ற 364 நாளை ஓட்ட முடியாது.


மாடி போர்ஷன் | புதன், காலை 7.10

ஐயா, திருவிழாவும் சரித்திரமும் சரி. பக்கத்துப் பக்கத்தில் குடிவைத்தால் சண்டைதானே வருகிறது? திருப்பரங்குன்றம் மலையில் கீழே முருகன், மேலே சிக்கந்தர் தர்கா. காலம் காலமாக இருந்தது, 2025 பிப்ரவரியில் தடை உத்தரவு போடுகிற அளவுக்குப் போனதே. தள்ளித் தள்ளி இருந்தால் இது வருமா?


காஜிமார் தெரு மகள் | புதன், காலை 9.00

அண்ணே, நீங்களே காலம் காலமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருப்பரங்குன்றத்தில் என் பெரியம்மா இருக்கிறார். தடை உத்தரவு போட்ட அன்று அவர் வீட்டுக்குப் பால் வாங்கிக் கொடுத்தது எதிர்வீட்டு அக்கா, கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்கிற அக்கா. பக்கத்தில் இருந்ததால் சண்டை வந்தது என்கிறீர்கள், பக்கத்தில் இருந்ததால்தான் தெருவுக்குள் சண்டை வரவில்லை என்று நான் சொல்வேன். முகம் தெரியாதவர்களைப் பற்றித்தான் எதைச் சொன்னாலும் நம்புவோம். நாங்கள் கிடைக்காத 11 வீட்டுக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு எங்களைப் பற்றி யார் சொல்லித் தருவார்கள்? போன்தான் சொல்லித் தரும்.


ஆனையூர் முகாம் | புதன், மாலை 6.40

நான் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மதுரையைச் சுற்றி முகாம்கள் இருக்கின்றன, இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு மதமும் மொழியும் இங்கே உள்ளவர்களோடு ஒன்றுதான். ஆனாலும் வீடு கேட்டுப் போனால், "முகாம் ஆளா, போலீசு வருமே" என்பார்கள். நான் இந்தியாவிலேயே பிறந்தும் எனக்கு இந்தியக் குடியுரிமை இல்லை, 2019இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. உங்கள் கூட்டத்தில் ஒத்துவருகிற குடும்பம் என்று சொன்னால் நான் எந்தப் பக்கம் வருவேன் என்று கேட்டுப் பாருங்கள் அண்ணா. ஒரே மொழி பேசினால் போதும் என்றால் நான் உள்ளே வர வேண்டும். வர முடியாதே.


கோர்ட் வாசல் | வியாழன், காலை 10.20

மேலமடைப் பக்கம் வழக்கறிஞரிடம் வேலை பார்க்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் தவறாகப் பேசிவிடாதீர்கள். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் போன்ற பொது இடங்களில் சாதி மதம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது, அந்தப் பட்டியலில் தனியார் வீடு இல்லை. 2005இல் குஜராத்தில் பார்சிகள் நடத்திய வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தார் மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம் என்று விதி வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் "இது சட்டவிரோதம்" என்று மேசையைத் தட்டினால் எதிரில் விவரம் தெரிந்தவர் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். தீண்டாமை என்று நிரூபிக்க முடிந்தால் கதை வேறு, ஆனால் யாரும் காரணத்தை எழுதிக் கொடுப்பதில்லை.

மாடி போர்ஷன் அண்ணனுடைய பயத்துக்கு மட்டும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2017இல் வந்து 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாடகை தராவிட்டாலும் காலம் முடிந்து காலி செய்யாவிட்டாலும் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்களை ஏமாற்றிய அந்த 14 மாதக்காரர் என்ன சாதி அண்ணே? கோபப்படாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


மாடி போர்ஷன் | வியாழன், இரவு 9.15

எங்கள் ஆள்தான். என் மச்சினன் வழியில் வந்தவர்.

ஒப்பந்தம் அப்போது எழுதவில்லை. சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.


ஓய்வு பெற்ற வாத்தியார் | வெள்ளி, காலை 5.45

திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் 1998இல் தமிழ்நாட்டின் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தார்கள். 100 வீடு, அதில் 40 தலித் குடும்பங்களுக்கு, மற்றவை பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர், பிற வகுப்பினருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடாகக் கலந்து கொடுத்தார்கள், சுடுகாடு ஒன்றுதான். திறந்த புதிதில் அங்கே இருந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நான் அறிவேன். பெரியவர்கள் சில வருடம் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கவில்லை. பிள்ளைகள் முதல் மாதமே எந்த வீட்டில் குழம்பு நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்துத்தான் இது நடக்க வேண்டுமா என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. கட்டிக் கொடுத்திராவிட்டால் நடந்தே இருக்காது என்று இப்போது நினைக்கிறேன். கூட்டத்தில் பேசும்போது அங்கே இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பேசு தம்பி.


வைகைத் தென்கரை | ஞாயிறு, இரவு 10.05

கூட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சரித்திரம் எதுவும் பேசவில்லை ஐயா, மன்னியுங்கள். முதலில் செயலாளர் தீர்மானத்தைப் படித்தார். நான் எழுந்து, "ஒத்துவராத குடும்பத்தால் இதுவரைக்கும் நமக்கு என்ன பிரச்சினை வந்திருக்கிறது, தேதியோடு சொல்லுங்கள்" என்று கேட்டேன். குப்பையை மாடிப்படியில் வைத்தது, ராத்திரி 12 மணிக்குப் பாட்டு, தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டது, பைக்கை வழியில் நிறுத்தியது என்று ஏழு புகார் வந்தது. ஏழில் ஐந்து சொந்த வீட்டுக்காரர்கள் செய்தது. அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். குப்பைக்கும் பாட்டுக்கும் தண்ணீருக்கும் விதி போடுவோம், அது 24 வீட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், யார் வருகிறார்கள் என்று பார்க்கிற குழு எதற்கு என்றேன். அப்புறம் லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சாக்கு நிறையப் பாத்திரம் என்று சொன்னபோது மூன்றாவது மாடிப் பாட்டி அழுதார்.

தீர்மானத்துக்கு ஆதரவாக 9, எதிராக 10. மூன்று பேர் கை தூக்கவில்லை, இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை. ஆக ஒரு ஓட்டில் விழுந்தது. அடுத்த ஆண்டு மறுபடி கொண்டுவருவோம் என்று செயலாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், வெளியே வரும்போது அவர் என்னிடம் பேசவில்லை. 15 ஆண்டுப் பழக்கம். அது கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது மாடி வீடு இன்னும் காலிதான். அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். ஊமச்சிகுளம் பக்கம் ஒரு வீடு கிடைத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மணி நேரம் ஆகிறது என்றார். திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். "வேண்டாம் சார், அங்க என் பொண்டாட்டி லிப்ட்ல தனியா போக மாட்டா" என்றார்.


மேலூர் கால்வாய் | ஞாயிறு, இரவு 10.40

கை தூக்காத மூன்று பேரோடு இந்த வருடம் முழுக்கப் பேசுங்கள் அண்ணே. எங்கள் ஊரிலும் எதிர்ப்பவர்களை விட அவர்கள்தான் அதிகம்.


மாடி போர்ஷன் | திங்கள், காலை 6.30

அம்மாவிடம் ஞாயிறு முழுக்கப் பேசினேன். மீன் வாசனையை அவரால் தாங்க முடியாது, அதில் மாற்றம் இல்லை. "சமைக்காம இருந்தாச் சரி, யாரா இருந்தா எனக்கென்ன" என்று அவர் சொல்லிவிட்டார். நான்தான் இத்தனை நாள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல.

காஜிமார் தெரு மகளுக்கு: எழுதித் தருகிறேன் என்று அன்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா. போர்ஷன் அடுத்த மாதம் 5ஆம் தேதி காலியாகிறது. இரண்டு படுக்கையறை, தண்ணீர் நல்ல தண்ணீர். உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ வேண்டுமானால் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வோம்.


காஜிமார் தெரு மகள் | திங்கள், காலை 7.05

என் தங்கைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தாவும் வந்து பார்க்கலாமா? முதலில் உங்கள் அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும்.